பத்மாவதி டீச்சரும் ஒரு திருகாணியும்

செவ்வாய்க்கிழமை காலை இட்லிக் குண்டானை அடுப்பிலிருந்து இறக்கும்போது கைபேசி அடித்தது. திரையில் நேமிநாதன் சாரின் பெயர். அவர் தாமாக யாரையும் அழைப்பவர் அல்ல. அந்த வீட்டிலிருந்து எந்தச் செய்தி வந்தாலும் அவர் மனைவி பத்மாவதி டீச்சரின் குரலில்தான் வரும். எடுத்தேன். “கற்பகம், பத்மா போயிட்டாம்மா” என்றார். “எங்க சார் போயிட்டாங்க?” என்று கேட்டேன். அவர் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

குழாயடியில் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஓய்வு பெற இன்னும் ஐந்து வருடம் இருந்தது. நான்கு வருடமாக நாம் எல்லோரும் பயந்துகொண்டிருந்தது சாருக்காக. கோயிலுக்குப் போனால் அவருக்காகத்தான் அர்ச்சனை செய்தோம். டீச்சருக்கு ஏதாவது ஆகும் என்ற நினைப்பே நம்மில் ஒருவருக்கும் வந்ததில்லை.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவரிடம் கணக்குப் படித்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அவரைப் பற்றிச் சொல்ல உங்கள் ஒவ்வொருவரிடமும் ஏதாவது இருக்கும். அரையாண்டுத் தேர்வில் ஒரு கேள்வியைத் தவறாகக் கொடுத்துவிட்டார் என்று தெரிந்ததும், பியூனிடம் சீட்டு கொடுத்தனுப்பாமல், அவரே ஆறு அறைகளுக்கும் நடந்து போய் ஒவ்வொரு வகுப்பிலும் நின்று, “ஏழாவது கணக்கு தப்பு. தப்பு என்னுது. அதுல நேரத்த செலவு பண்ணாதீங்க” என்று சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். தலைமையாசிரியருக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளைகள் முன்னால் ஆசிரியர் இப்படிச் சொன்னால் மரியாதை போய்விடாதா என்றார். “தப்பு கணக்க போட்டுக்கினு உக்காந்திருக்குற பிள்ளைங்களுக்கு என் மரியாதை எதுக்கு சார்?” என்று கேட்டுவிட்டு டீச்சர் வகுப்புக்குப் போய்விட்டார்.

என்னோடு அவர் ஒரு பருவம் முழுக்கப் பேசாமல் இருந்ததும் உங்களுக்குத் தெரியும். கால அட்டவணை போட்டபோது அவருடைய முதல் பாடவேளை இரண்டைத் தமிழுக்கு எடுத்துக்கொண்டேன். அவர் கேட்டார், நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே அறையில் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான்கு மாதம் பேசவில்லை. பிறகு ஒருநாள் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தை என் மேசையில் வைத்து, “உப்பு கம்மியா இருக்குதா பாரு” என்றார். அத்தோடு அது முடிந்தது. யார் செய்தது சரி என்ற பேச்சை நாங்கள் இருவருமே அதன்பிறகு எடுத்ததில்லை.

ஆனால் நான் எழுத வந்தது அந்தக் காரைப் பற்றி. கதையை ஆசிரியர் அறையில் அவர் வாயாலேயே நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். அதில் ஒரு இடம் தவறு. அந்தத் தவறு என்னுடையது.

சாருக்கு முதுகுத் தண்டை ஒட்டி ஒரு கட்டி வந்தது. சென்னையில் ஒரு மருத்துவமனையில் கதிர்வீச்சு சிகிச்சை. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் போக வேண்டும், ஆறு வாரம். நடுவில் ஒருநாளும் விடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சாரால் உட்கார முடியாது. நிமிர்ந்து படுத்தபடிதான் போக வேண்டும். ஆம்புலன்ஸ் வைத்துக்கொள்ளலாம் என்று நாங்கள் சொன்னோம். முதல் நாள் அப்படித்தான் போனார்கள். அதன் குலுக்கலில் சார் வலி தாங்காமல் மயங்கிவிட்டார். அன்று இரவே டீச்சர் தன் பழைய காரில் முன்பக்கத்து இடது இருக்கையைக் கழற்றி வெளியே வைத்தார். பின்னிருக்கை வரை நீளும்படி ஒரு பலகை செய்வித்து, அதன்மேல் இலவம்பஞ்சு மெத்தை போட்டார். நம் ஓரிக்கையிலிருந்து சென்னை வரை எந்த இடத்தில் பள்ளம், எந்த இடத்தில் வேகத்தடை என்று அவருக்கு மனப்பாடம். அந்தக் கார் ஓடினால்தான் சாருக்குச் சிகிச்சை என்ற நிலை வந்துவிட்டது.

மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது இஞ்சினில் ஒரு சத்தம் கேட்டது. தகரடப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்குவதுபோல. அதற்கு முன்பே ஒரு வாரமாகக் காலையில் வண்டியைக் கிளப்பும்போது கொஞ்சம் கேட்டிருக்கிறது. அன்று நிற்கவே இல்லை. நேராக நம் ஊர் மெக்கானிக் கரீம் பாயிடம் கொண்டுபோனார். பாய் ஒரு நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை இஞ்சின்மேல் வைத்து, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்டார். இஞ்சினுக்குள் ஓடும் டைமிங் செயினை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும் டென்ஷனர் தேய்ந்துவிட்டது, செயின் தொங்குகிறது என்றார். “ஒரு பல்லு தாண்டுச்சுன்னா வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும் மேடம். இஞ்சின் அதோட காலி. நடுரோட்ல நின்னுடும். இத இனிமே ஓட்டாதீங்க.”

பாயின் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். கடையை அன்று மாலையோடு மூடுகிறார், புதன்கிழமைதான் திறப்பார். டீச்சர் வேறு கடைகளில் விசாரித்தார். இஞ்சினை அந்தப் பக்கம் முழுக்கக் கழற்ற வேண்டிய வேலை, ஒரு வாரம் விடுங்கள் என்றார்கள். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு டீச்சர் கிளம்பியாக வேண்டும். இடையில் இருந்தது சனியும் ஞாயிறும்.

டீச்சரின் அப்பாவுக்கு மாகறல் பக்கம் நிலம். கிணற்றில் ஆயில் இஞ்சின். வீட்டுக்கு மூத்த பெண் என்பதால் அந்த இஞ்சினைப் பிரித்துப் பூட்டுவது வரை எல்லாம் பத்து வயதிலேயே அவர் கைக்கு வந்துவிட்டது. கார் இஞ்சினில் அவர் அதுவரை ஆயில் மாற்றியிருக்கிறார், பிளக் மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான். பாயிடம் அரைமணி நேரம் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். பாய், போல்ட்டை அளவு பார்த்து முறுக்கும் தன் டார்க் ரெஞ்சையும், காந்தக் குச்சியையும், புல்லியைக் கழற்றுகிற நீளமான கைப்பிடியையும் கொடுத்தனுப்பினார். புது டென்ஷனர், பேஸ்ட் எல்லாவற்றையும் டீச்சர் சென்னையிலிருந்து பஸ்ஸில் வரவழைத்தார்.

சனிக்கிழமை காலை எனக்கு டீச்சர் போன் செய்தார். “உன் கை மெலிசு. என் கை போவாத இடத்துல உன் கை போவும். வளையல் எல்லாம் கழட்டி வெச்சிட்டு வா.” நான் நெசவு வீட்டில் பிறந்தவள். சிறுமியாக இருந்தபோது தறிப் பாவில் அறுந்த இழைகளைப் பிணைத்த விரல்கள். ஆனால் ஒரு ஸ்பேனரை அதுவரை தொட்டதில்லை. எனக்கு ஒன்றும் தெரியாதே டீச்சர் என்றேன். “பாதி தெரிஞ்சவங்க கை வெக்கக் கூடாது. ஒண்ணும் தெரியாதவங்க கேட்டுக் கேட்டு வெக்கலாம்” என்றார்.

அவர் வீட்டுப் பக்கவாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட இடத்தில் கார் நின்றது. சுவருக்கு அந்தப்பக்கம் சார் படுத்திருக்கும் அறை, ஜன்னல் திறந்திருந்தது. போன உடனே டீச்சர் என் கழுத்தைப் பார்த்து, தாலிச் சரட்டை ரவிக்கைக்குள் விட்டுக்கொள்ளச் சொன்னார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளச் சொன்னார். காதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அன்று முழுவதும் கழற்றுவதுதான் வேலை. முன்சக்கரத்தைக் கழற்றினோம். இஞ்சினுக்கு அடியில் ஒரு கட்டையை வைத்து ஜாக்கியால் தாங்கினோம். ஒரு அட்டைப் பெட்டியின் மூடியில் டீச்சர் இஞ்சின் மூடியின் வடிவத்தை வரைந்து ஓட்டைகள் போட்டிருந்தார். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அது இருந்த இடத்துக்கான ஓட்டையில் செருகுவது என் பொறுப்பு. பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியின் போல்ட் மட்டும் அசையவில்லை. கைப்பிடிமேல் டீச்சர் ஏறி நின்றார். நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது தடவை துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். போல்ட் உடைந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். “உடையல. உட்டுடுச்சு” என்றார் டீச்சர். ஜன்னலுக்குள்ளிருந்து சார், “என்னா ஆச்சு?” என்று கேட்டார். “ஒண்ணும் இல்லங்க, நல்லதுதான்” என்றார் டீச்சர்.

மூடியை எடுத்ததும் செயின் தெரிந்தது. பழைய டென்ஷனர் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அதன் தண்டு கடைசி வரை வெளியே வந்து, தள்ளுவதற்கு இனி நீளமில்லாமல் நின்றிருந்தது. இன்னும் எத்தனை கிலோமீட்டர் தாங்கியிருக்கும் என்று கேட்டேன். டீச்சர் அதைத் துணியில் துடைத்து ஓரமாக வைத்தார். அதை நம்பித்தான் அன்றைக்கு முந்தின நாள் சாரைப் படுக்கவைத்து ஓட்டிவந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை புதியதைப் பொருத்தினோம். மேலே கேம் பல்சக்கரங்களில் உள்ள குறிகளும் கீழே கிராங்க் பல்சக்கரத்துக் குறியும் நேராக நிற்க வேண்டும். ஒன்று பிசகினால் பாய் சொன்னதுதான் நடக்கும். நான் வலதுபக்கம் சாய்ந்து, தலையை உள்ளே விட்டு டார்ச் பிடித்தேன். டீச்சர் கீழே படுத்துப் பார்த்தார். டென்ஷனரைப் பூட்டி, அதன் தண்டைப் பிடித்திருந்த ஊசியை உருவினார். தண்டு முன்னால் வந்து செயினை அழுத்தியது. கையாலேயே இஞ்சினை இரண்டு முழுச் சுற்று சுற்றி, மறுபடி குறிகளைப் பார்த்தார். திருப்தி இல்லாமல் என்னை இன்னொரு தடவை டார்ச் பிடிக்கச் சொன்னார். பிறகு மூடியின் விளிம்பில் ஆயில் கசியாமல் இருக்கப் பேஸ்ட் தடவி மூடினோம். பதினோரு மணி. பேஸ்ட் இறுகச் சில மணி நேரமாவது வேண்டும். அதற்குமேல்தான் ஆயில் ஊற்றலாம். சாப்பிட்டுவிட்டு வா என்றார். நான் இரண்டு தெரு தள்ளியிருக்கும் என் வீட்டுக்குப் போனேன்.

இனி எழுதுவதை நான் டீச்சரிடம் சொன்னதில்லை.

முகம் கழுவித் துடைக்கும்போது வலது காதுத் தோடு துண்டில் மாட்டிக்கொண்டு கையோடு வந்தது. பின்னால் திருகாணி இல்லை. குளியலறையில் தேடினேன், கட்டிலில் தேடினேன், நடந்து வந்த வழியெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே திரும்பிப் போனேன். கிடைக்கவில்லை. எங்கே விழுந்திருக்கும் என்று என் மனதுக்கு அந்தக் குளியலறையிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் எங்கே வேண்டுமானாலும் விழுந்திருக்கலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தோட்டை அப்படியே காதில் செருகிக்கொண்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டரை மணி. இரண்டு நாளாக அவர் முதுகு வளைந்து செய்த வேலை மூடப்பட்டு, துடைக்கப்பட்டு இருந்தது. அதை மறுபடி பிரிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிரித்தால் திங்கட்கிழமைக்குள் முடியுமா, பேஸ்ட் மிச்சம் இருக்கிறதா, சாருக்கு ஒருநாள் தவறினால் என்ன ஆகும் என்று எல்லாம் யோசித்தேன். துடைப்பத்தை எடுத்து அந்த இடத்தை ஒருமுறை பெருக்கினேன். பிறகு இன்னொரு முறை பெருக்கினேன். காரின் அடியில் குனிந்து பார்த்தேன். டீச்சர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். சக்கரத்தைப் பூட்டினார். உள்ளே போய்ச் சாருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தார். ஆயிலை அவர் அவ்வளவு மெதுவாக ஊற்றி நான் பார்த்ததில்லை. பேட்டரி முனையை இறுக்கினார், கழற்றினார், துடைத்து மறுபடி இறுக்கினார். மறுபடியும் உள்ளே போய்விட்டு வந்தார். ஒவ்வொரு தடவை அவர் உள்ளே போகும்போதும், வந்தவுடன் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வந்ததும் மறுபடி துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

பாவில் இழை அறுந்தால் அப்போதே சொல்லிவிட வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். இரண்டு மணி நேரத்துக்குமேல் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

ஏறக்குறைய ஐந்து மணிக்கு டீச்சர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். சாவியைப் போட்டார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் அந்தப் பலகையும் மெத்தையும் தெரிந்தன. மெத்தையில் சாரின் தலை பதிந்த பள்ளம் இருந்தது. அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

“டீச்சர், நில்லுங்க. என் தோட்டுத் திருகாணியக் காணோம். உள்ள விழுந்திருக்குமோன்னு பயமா இருக்குது. இப்பதான் பாத்தேன்.”

கடைசி இரண்டு சொற்கள் பொய். டீச்சர் சாவியை உருவிக்கொண்டு இறங்கினார். கோபத்தைத் தேடி அவர் முகத்தைப் பார்த்தேன், அது இல்லை.

“எந்தக் காது?”

“வலது.”

“டார்ச் புடிச்சப்ப வலதுபக்கம்தான் சாஞ்ச.” அவ்வளவுதான் சொன்னார். ஜாக்கியை இழுத்து வந்தார்.

ஊற்றிய ஆயிலை அடியிலிருந்து வடித்தார். ஒரு பழைய வேட்டியைக் குண்டான்மேல் கட்டி அதன் வழியாக வடிகட்டினோம். வேட்டியில் ஒன்றும் இல்லை. பாய் கொடுத்த காந்தக் குச்சி கையிலேயே இருந்தது, ஆனால் தங்கம் காந்தத்தில் ஒட்டாது. மறுபடி சக்கரம், பெல்ட், புல்லி, மூடி. இந்தத் தடவை இருவருக்கும் கை பழகியிருந்தது. முதல்நாள் பகல் முழுக்க ஆன வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. இடையில் ஜன்னலிலிருந்து சார் கூப்பிட்டார். “பத்மா, பொழுது சாயுது.” அவர்கள் ஜைனர்கள். சூரியன் மறைந்த பிறகு சாப்பிட மாட்டார்கள். டீச்சர் காலையிலிருந்து ஒரு வாய் மோர்சோறுதான் சாப்பிட்டிருந்தார். “நீங்க சாப்புடுங்க. கற்பகம், சாருக்குத் தட்டு எடுத்துக் குடு” என்றார். நான் கை கழுவிவிட்டுப் போய்க் கொடுத்தேன். சார் என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் சொம்பை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வெளியே வந்தபோது சுவர் உச்சியில் இருந்த வெயிலும் போய்விட்டிருந்தது. டீச்சர் தலை நிமிரவில்லை.

மூடியைத் திறந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தோம். செயினில் இல்லை, பல்சக்கரத்தில் இல்லை, கீழே தேங்கியிருந்த ஆயிலில் விரலை விட்டுத் துழாவினார், அங்கேயும் இல்லை. இல்லாத ஒன்றுக்காக அவரைப் பட்டினி போட்டுவிட்டேன் என்று எனக்கு அழுகை வந்தது. “அழறதுக்கு இன்னா இருக்குது? செயின் பட்டைக்குப் பின்னாடி என் விரல் போவல. உன் கைய விடு” என்றார். செயின் உரசி ஓடும் பிளாஸ்டிக் பட்டைக்கும் இஞ்சின் சுவருக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழையும் இடம். விட்டேன். ஆயிலில் வழுக்கிக்கொண்டு ஏதோ உருண்டது. நகத்தால் மெல்ல இழுத்தேன். உளுந்து அளவு திருகாணி, கிராங்க் பல்சக்கரத்துக்கு நேர் மேலே இருந்த விளிம்பில் வந்து நின்றது. டீச்சர் இரண்டு விரலால் எடுத்தார். இஞ்சின் ஓடும்போது அந்த இடத்திலிருந்து அது நேராகப் பற்களுக்குள்தான் விழுந்திருக்கும். அதைச் சொல்ல வேண்டிய தேவை இருவருக்கும் இல்லை.

மண்ணெண்ணெயில் கழுவி என் உள்ளங்கையில் வைத்தார். “போட்டுக்கோ. இல்லன்னா தோடும் விழுந்துடும்” என்றார்.

பேஸ்ட் டியூபைப் பிதுக்கி, கடைசியில் வெட்டிப் பிரித்து வழித்துத் தடவினோம். அந்த மூடிக்கு மட்டும்தான் போதுமானதாக இருந்தது. விடிந்ததும் ஆயில் ஊற்றலாம் என்று விட்டுவிட்டோம். டீச்சர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கப் போனார்.

விடியற்காலை ஐந்து மணிக்கு நான் அங்கே இருந்தேன். வேட்டியில் வடிகட்டிய ஆயிலை ஊற்றினோம். இந்த முறை அவர் தாமதிக்கவில்லை, உட்கார்ந்தார், சாவியைத் திருப்பினார். இஞ்சின் பிடித்ததும் அதே கூழாங்கல் சத்தம். டீச்சர் அணைக்கவில்லை. பாய் முன்பே சொல்லியிருக்கிறார், ஆயில் டென்ஷனருக்குள் ஏறும் வரை அப்படித்தான் இருக்கும் என்று. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் வாய்விட்டு எண்ணினார். நாலு சொல்லும்போது சத்தம் நின்றது. பக்கத்து வீட்டில் வாசல் தெளிப்பது கேட்கும் அளவுக்கு இஞ்சின் அமைதியாக ஓடியது. டீச்சர் ஸ்டியரிங்கின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, சாரைத் தூக்கிப் படுக்கவைக்க அக்கம்பக்கத்தில் ஆளைக் கூப்பிடப் போனார்.

அன்று காலை நான் எந்த வகுப்பில் என்ன நடத்தினேன் என்று நினைவில்லை. பத்து மணிக்குப் பிறகு செய்தி வந்தது: “வந்து சேந்தோம்.” மீதி மூன்று வாரமும் அந்தக் கார் ஒருநாள் தவறாமல் போய்வந்தது. சிகிச்சை முடிந்து சில மாதத்தில் சார் உட்கார்ந்தார். பிறகு கோல் ஊன்றி நடந்தார். இன்றும் நடக்கிறார்.

அதன்பிறகு நான்கு வருடமாக ஆசிரியர் அறைக்குப் புதிதாக யார் வந்தாலும் டீச்சர் இந்தக் கதையைச் சொல்லுவார். “திருகாணி இல்லன்னு பாத்த அந்த நிமிஷமே கற்பகம் கத்திட்டா. இல்லன்னா என் இஞ்சின் போயிருக்கும், எங்க வீட்டுக்காரரும் போயிருப்பார்.” எல்லோரும் என்னைப் பார்ப்பீர்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதை அடக்கம் என்று நினைத்திருப்பீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சாரைப் பார்க்கப் போனேன். அவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று போனேன். திருகாணி காணாமல் போனது எனக்கு மதியமே தெரியும், உடனே சொன்னேன் என்றது பொய் என்று சொன்னேன். சார் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

“அவளுக்குத் தெரியும்மா. மூணு மணி இருக்கும், எனக்குத் தண்ணி குடுக்க வந்தா. ‘கற்பகம் தோட்டுல திருகு இல்ல. காதத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினு, பெருக்குன எடத்தையே பெருக்கிக்கினு இருக்குறா’ன்னா. போய் கேளேன்னு சொன்னேன். ‘நான் கேட்டா ஆமான்னுடுவா. அவளா வந்து சொல்லட்டும். அது வரைக்கும் சாவியத் திருப்ப மாட்டேன்’ன்னா.”

நான் சொல்லாமலே இருந்திருந்தால் என்று கேட்டேன்.

“அதையும் கேட்டேன். ‘கொஞ்ச நேரம் பாப்பேன். அப்புறம் குறி சரியா வெச்சேனான்னு சந்தேகமா இருக்குதுன்னு நானே கழட்டிடுவேன். அவகிட்ட காரணத்த சொல்லவே மாட்டேன்’ன்னா.”

அப்படியானால் நான் சொன்னதால் இஞ்சின் பிழைக்கவில்லை. அது எப்படியும் பிழைத்திருக்கும். சூரியன் மறைவதற்குள் சாப்பிட முடியாது என்று தெரிந்தும், ஒவ்வொரு நிமிடமும் தனக்கு எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தும், டீச்சர் இரண்டு மணி நேரம் ஆயிலை மெதுவாக ஊற்றிக்கொண்டிருந்தது எனக்காக. பிறகு நான்கு வருடம் என் பொய்யையும் சேர்த்தே கதையைச் சொன்னார். ஒருமுறைகூட அதைச் சொல்லும்போது என்னை வேறுமாதிரிப் பார்த்ததில்லை.

அவர் எனக்குக் கணக்குச் சொல்லித்தரவில்லை. இஞ்சினைப் பற்றி அந்த இரண்டு நாளில் கற்றதெல்லாம் மறந்துபோய்விட்டது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இது ஒன்றுதான்: நான் செய்தது முழுக்கத் தெரிந்தும், நான் சொல்லிவிடுவேன் என்று ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். அவரிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்லிவிட்டேன், டீச்சர் போன பிறகு.